காட்சியும் சாட்சியும்: உயிரியல் ஆய்விற் படங்களின் இடம்

"கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. வழக்கு மன்றங்களுக்கும் ஊர்ப் பிணக்குகளுக்குமே உரியதெனக் கருதப்படும் இம்மொழி, இன்றைய உயிரியல் ஆய்வுகூடங்களின் வாயிலிற் பொறிக்கப்படவேண்டியதாகும். ஏனைய விஞ்ஞானத் துறைகளில் அளவீடு வகிக்கும் இடத்தை உயிரியலின் பல கிளைகளிற் படம் வகிக்கின்றது. கலத்தின் கருவாயினும், நரம்பின் கிளையாயினும், புற்றுநோயுற்ற இழையமாயினும், படமொன்று அச்சேறிவிட்டால் விவாதம் முடிந்துவிட்டதெனக் கொள்ளும் மனப்பாங்கு ஆய்வாளரிடையே வேரூன்றியுள்ளது. "படத்திற் காண்க" என்ற இரு சொற்கள் நிரூபணத்தின் ஆசனத்தில் அமர்ந்துகொண்டன. இம்மனப்பாங்கு விஞ்ஞான நெறிக்குப் புறம்பானது என்பதையும், அதனைக் களைவதற்கான பொறுப்புப் பல்கலைக்கழகங்களையே முதலிற் சாரும் என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், படம் என்பது யாது என்பது தெளிவாதல் வேண்டும். இன்றைய நுணுக்குக்காட்டி வழங்குவது உண்மையில் ஓர் எண்ணட்டவணை. வில்லைகளினூடாக வரும் ஒளி உணரியொன்றில் விழுகின்றது. உணரி அதனை நுண்ணிய படப்புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த ஒளியின் செறிவை ஓர் எண்ணாகப் பதிவுசெய்கின்றது. 8 பிற்றுப் படத்தில் அவ்வெண் 0 இலிருந்து 255 வரையும், 12 பிற்றுப் படத்தில் 4095 வரையும், 16 பிற்றுப் படத்தில் 65535 வரையும் அமையும். புளோரொளிர்வுப் படங்களிற் காணும் பச்சையும் சிவப்பும் பெரும்பாலும் இவ்வெண்களுக்குப் பின்னர் பூசப்பட்ட வண்ணங்களே. ஆகவே நுணுக்குக்காட்டியும் தராசையும் வெப்பமானியையும் போன்ற ஓர் அளவுகருவியாகும். தராசு காட்டிய நிறையை ஒருவர் தம் விருப்பப்படி கூட்டிக் குறைத்து எழுதினால் அவரை மோசக்காரர் என்பர். நுணுக்குக்காட்டி காட்டிய பெறுமானங்களைத் "தெளிவாகத் தெரியட்டும்" என்று கூட்டிக் குறைப்பவரை மாத்திரம் கைதேர்ந்தவர் எனப் பாராட்டுவது எவ்வகை நியாயம்?

படத்தின் மீதான இம்மயக்கம் கணினியோடு பிறந்ததன்று. 1868 இல் ஜேர்மனிய விலங்கியலறிஞர் ஏர்ன்ஸ்ற் ஹெக்கல் வெளியிட்ட நூலொன்றில் நாய், கோழி, ஆமை ஆகியவற்றின் முளையங்கள் மூன்று படங்களாக அடுத்தடுத்து வைக்கப்பட்டிருந்தன. அவை மூன்றும் ஒரே மர அச்சிலிருந்து எடுக்கப்பட்டவை. பாசல் நகரப் பேராசிரியர் றூற்றிமேயர் இதனை அம்பலப்படுத்தினார். அவ்வளர்ச்சிக் கட்டத்தில் மூன்றுக்குமிடையே வேறுபாடு காணவியலாது என்பதே ஹெக்கல் தரப்பின் சமாதானமாயிற்று. வேறுபாடில்லை என்பதை நிறுவுவதற்காகவே படங்கள் காட்டப்பட்டன. படங்கள் ஒன்றேயாதற்குக் காரணம் கேட்டபோது வேறுபாடில்லை என்பது விடையாயிற்று. நிறுவவேண்டியதையே சான்றாக வைக்கும் இத்தருக்கம், ஒன்றரை நூற்றாண்டின் பின்னரும் ஆய்விதழ்களில் உயிரோடு இருக்கின்றது.

ஏமாற்று எதுவுமின்றியே படம் இருவேறு தீர்ப்புகளுக்கு இடமளித்தமைக்கும் சான்றுண்டு. இத்தாலியரான கமிலோ கொல்கி 1873 இல் நரம்புக் கலங்களைக் கருமையாகச் சாயமூட்டும் முறையொன்றைக் கண்டறிந்தார். ஸ்பானியரான ரமோன் இ கஹால் அதே முறையை மேம்படுத்திக் கையாண்டார். நரம்பு மண்டலம் முழுவதும் தொடர்ச்சியான ஒரே வலை என்று கொல்கி கண்டார். அது தனித்தனிக் கலங்களால் ஆயது என்று கஹால் கண்டார். 1906 இல் நோபெல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அம்மேடையிலேயே கொல்கி தமது உரையிற் கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். கலங்களுக்கிடையேயுள்ள இடைவெளி 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியினாலேயே நேரிற் காணப்பட்டது. ஒரே சாயம், ஒரே வகைப் படம், இரு முரண்பட்ட கொள்கைகள்! படம் தானாகவே பேசும் என்போர் இதற்கு யாது விடை கூறுவர்?

இதனினும் பாடம் நிறைந்தது நிறமூர்த்தங்களின் கதை. மனிதக் கலத்தில் 48 நிறமூர்த்தங்கள் உள்ளன என்று 1923 இல் பெயின்ரர் என்னும் அமெரிக்க விலங்கியலறிஞர் வெளியிட்டார். மூன்று தசாப்தங்களுக்கு மேலாக அது மாறாத உண்மையாகப் பாடநூல்களில் நிலைத்தது. சுவீடனின் லூண்ட் நகரிற் பணிபுரிந்த ஜியோ, லெவான் ஆகிய இருவரும் 1956 இல் அவ்வெண்ணிக்கை 46 என்று காட்டினர். அவர்களது கட்டுரையிலேயே வியப்புக்குரிய செய்தியொன்று கூறப்பட்டுள்ளது. வேறு சில ஆய்வாளர்கள் அதற்கு முன்னரே மனித ஈரற் கலங்களில் மீண்டும் மீண்டும் 46 ஐ எண்ணியிருந்தனர். எனினும் 48 ஐயும் காண முடியவில்லையே என்று கருதித் தமது ஆய்வை இடைநிறுத்தியிருந்தனர்! கண்முன்னே 46 இருந்தது, பாடநூலில் 48 இருந்தது, கண் தோற்றது. எதிர்பார்ப்பு எத்துணை வலிமை வாய்ந்தது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கருவியும் அதற்கான ஆயத்தமும் இல்லாததைப் படைத்துக்காட்டுவதுமுண்டு. 1950களிலும் 1960களிலும் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களிற் பற்றீரியாக்களின் மென்சவ்வு உள்நோக்கி மடிந்திருக்கக் காணப்பட்டது. அம்மடிப்புக்கு 'மீசோசோம்' என்ற பெயர் சூட்டப்பட்டது. சுவாசம், கலப்பிரிவு முதலான தொழில்களும் அதற்குக் கற்பிக்கப்பட்டன. கலங்களை இரசாயனப் பொருள்களாற் பதிக்காது விரைவாக உறையச்செய்து நோக்கியபோது அவ்வுறுப்புக் காணப்படவில்லை. அது பதித்தல் முறையின் விளைவு என்பது பின்னர் பொதுவாக ஏற்கப்பட்டது. இல்லாத உறுப்பொன்றின் தொழிலை ஒரு தலைமுறை மாணவர் மனனஞ் செய்து பரீட்சை எழுதினர்.

இவையெல்லாம் பழங்கதைகள், இன்றைய கருவிகள் இக்குறைகளைக் கடந்துவிட்டன என்று கூறுவோர் உளர். அக்கூற்று ஆராயத்தக்கது. ஒளி நுணுக்குக்காட்டியின் பிரிக்கும் வலுவுக்கு ஓர் எல்லையுண்டு என்பதை ஏர்ன்ஸ்ற் அபே 1873 இல் நிறுவினார். 500 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியையும் மிகச் சிறந்த வில்லையையும் கொண்டு நோக்கினும், ஏறத்தாழ 180 நனோமீற்றருக்குக் குறைந்த இடைவெளியிலுள்ள இரு பொருள்கள் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியில் ஒன்றாகவே தோன்றும். இவ்வெல்லையைக் கடக்கும் முறைகளுக்கு 2014 இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது உண்மையே. ஆயின் அன்றாட ஆய்வுகளிற் பெரும்பகுதி இன்றும் இவ்வெல்லைக்கு உட்பட்டே நிகழ்கின்றது. இந்நிலையில், ஒரு புரதத்தைச் சிவப்பாகவும் மற்றொன்றைப் பச்சையாகவும் காட்டி, இரண்டும் மேற்பொருந்தி மஞ்சளாகத் தோன்றுமிடத்தில் அவை ஒன்றோடொன்று பிணைந்துள்ளன என்று முடிவுகூறும் வழக்கம் பரவலாக உள்ளது. புரத மூலக்கூறொன்றின் பருமன் சில நனோமீற்றர்களே. 5 நனோமீற்றர் விட்டமுள்ள மூலக்கூறுகள் 36 ஐ 180 நனோமீற்றர் நீளத்தில் வரிசையாக அடுக்கலாம். ஒரே மண்டபத்தில் இருக்கும் இருவரை உறவினர் என்று துணிவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? போதாக்குறைக்கு, சிவப்பின் பிரகாசத்தைச் சற்றுக் கூட்டினால் மஞ்சள் தோன்றும், குறைத்தால் மறையும். முடிவு கலத்தில் இல்லை. பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் விரலிலேயே இருக்கின்றது.

அளந்து எண்ணாகக் கூறிவிட்டாற் குறை தீர்ந்துவிடும் என்பது அடுத்த வாதம். அளப்பதற்கு முன்னர், எது பொருள், எது பின்புலம் என்று பிரித்தாக வேண்டும். இன்ன பெறுமானத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் பொருளுக்குரியன, குறைந்தவை பின்புலத்துக்குரியன என்று எல்லைப் பெறுமானமொன்றைக் குறிப்பது இதற்கான எளிய முறையாகும். அவ்வெல்லையைச் சற்றுத் தாழ்த்தினால் விளைவது யாது? 10 படப்புள்ளி விட்டமுள்ள வட்டப் பொருளொன்றின் விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரேயொரு புள்ளி வெளியே நகர்ந்தால் விட்டம் 12 ஆகும்; பரப்பளவோ 44 சதவீதத்தால் உயரும். கோளமாயின் கனவளவு ஏறத்தாழ 73 சதவீதத்தால் உயரும். விளிம்பிலுள்ள ஒளி மங்கலாதலால் ஒரு புள்ளி நகர்வைக் கண்ணால் மறுக்கவும் இயலாது. மருந்தொன்று கட்டியின் நுண்கூறுகளை 40 சதவீதம் சுருக்கியது என்று கூறும் ஆய்வாளர், தாம் கொண்ட எல்லைப் பெறுமானத்தையும் அதனைத் தெரிந்த முறையையும் கூறாதுவிடின், அவர் அளந்தது மருந்தின் ஆற்றலையா, தமது விருப்பத்தையா என்பதை எவர் அறிவார்? இவ்வெல்லையைக் கணித முறையால் தாமாகவே தெரியும் வழிகளும் உள. 1979 இல் ஜப்பானியரான ஒட்சு வகுத்த முறை அவற்றுட் புகழ்பெற்றது. அதுவும் படத்திலுள்ள புள்ளிகள் பொருள், பின்புலம் என இரு தெளிவான கூட்டங்களாக அமையும்போதே செம்மையாகத் தொழிற்படும். அவ்வாறு அமையாத படத்திலும் அது ஓர் எண்ணைத் தரத்தான் செய்யும். எண் கிடைத்தமையே உண்மை கிடைத்தமை ஆகாது.

இனி, ஆய்வுக் கட்டுரைகளில் வழங்கும் 'பிரதிநிதித்துவப் படம்' என்ற தொடரை நோக்குதல் தகும். நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன; அவற்றுள் ஒன்று அச்சேறுகின்றது; அதன் கீழ்ப் 'பிரதிநிதித்துவப் படம்' என்று எழுதப்படுகின்றது. இப்பிரதிநிதியைத் தெரிந்தவர் யார்? வாக்களித்தோர் எவர்? எதிர்த்து நின்று தோற்ற படங்கள் எங்கே? பெரும்பாலும் அப்படம் கூட்டத்தின் சராசரியாக இருப்பதில்லை. கூட்டத்திலே மிக அழகானதாகவும் ஆய்வாளரின் கருதுகோளுக்கு மிக இசைவானதாகவும் இருக்கின்றது. அரசியலில் இவ்வாறு நியமனம் பெறுபவரைப் பிரதிநிதி என்று எவரும் ஏற்பதில்லை.

எண்ணிக்கையிலும் இதே மயக்கம் நிலவுகின்றது. மூன்று எலிகளிலிருந்து எலிக்கு முந்நூறு கலங்களாக 900 கலங்களை எண்ணிவிட்டு, மாதிரியின் பருமன் 900 என்று புள்ளிவிபரக் கணிப்புச் செய்வோர் உளர். மருந்து ஊட்டப்பட்டவை எலிகளேயன்றிக் கலங்கள் அல்ல. எனவே மாதிரியின் பருமன் மூன்றேயாம். ஒரே வீட்டார் முந்நூறு முறை கூறினும் அது ஒரு வீட்டின் கருத்தே.

இக்குறைகள் அறிவுலகின் உள்வீட்டுச் சச்சரவுகள் அல்ல. 2006 இல் 'நேச்சர்' இதழில் அல்சைமர் நோய் பற்றிய கட்டுரையொன்று வெளியாயிற்று. குறிப்பிட்டதோர் அமிலோயிட் புரதக் கூட்டு எலிகளின் ஞாபகத்தைக் கெடுக்கின்றது என்பது அதன் முடிவு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகள் அதனை மேற்கோள் காட்டின. அதன் படங்கள் பற்றிய ஐயங்களை 2022 இல் 'சயன்ஸ்' இதழ் விரிவாக வெளியிட்டது. 2024 இல் அக்கட்டுரை மீளப்பெறப்பட்டது. படங்கள் வெட்டி ஒட்டப்பட்டமைக்கும், இரட்டிக்கப்பட்டமைக்கும், அழிக்கப்பட்டமைக்கும் அறிகுறிகள் உள்ளன என்று மீளப்பெறும் அறிவித்தல் கூறிற்று. முதல் ஆசிரியர் அம்முடிவுக்கு உடன்படவில்லை. அமிலோயிட் பற்றிய கொள்கை முழுவதும் இவ்வொரு கட்டுரையிலேயே தங்கியிருந்தது என்பது மிகைக்கூற்று. அது தவிர்க்கப்படல் வேண்டும். ஆயினும் பதினெட்டு ஆண்டுகள் அப்படங்கள் சாட்சிக் கூண்டில் நின்றன. அவற்றை நம்பிச் செலவான பொதுப்பணமும், இளம் ஆய்வாளரின் உழைப்பும், நோயாளர் குடும்பங்களின் எதிர்பார்ப்பும் திரும்பப் பெறத்தக்கனவல்ல.

"ஓரிருவர் செய்யும் மோசடிக்காக முழுத் துறையையும் பழிப்பதா?" என்ற வினா உடனே எழும். தரவுகளே விடை கூறட்டும். எலிசபெத் பிக் என்னும் நுண்ணுயிரியலறிஞரும் இரு துணையாசிரியர்களும் 40 ஆய்விதழ்களில் 1995 முதல் 2014 வரை வெளிவந்த 20,621 கட்டுரைகளின் படங்களை ஆராய்ந்து 2016 இல் முடிவை வெளியிட்டனர். 3.8 சதவீதமானவற்றில் முறையற்ற படங்கள் காணப்பட்டன. அவற்றிற் குறைந்தது அரைப்பங்கில் வேண்டுமென்றே திருத்தியமைக்கான சாயல் தென்பட்டது. இருபத்தைந்துக்கு ஒன்று என்பது ஓரிருவர் செயல் அன்று. 'ஜேர்னல் ஒஃப் செல் பயோலொஜி' என்ற இதழின் அனுபவம் மேலும் சிந்தனைக்குரியது. அவ்விதழ் 2002 முதல், ஏற்கப்பட்ட கட்டுரைகளின் படங்களை அச்சுக்கு முன்னர் சோதிக்கத் தொடங்கிற்று. ஏறத்தாழக் கால்வாசிக் கட்டுரைகளில் விதிமுறைக்கு மாறாகத் திருத்தப்பட்ட ஒரு படமாவது இருந்தது. மோசடி எனக் கருதப்பட்டவை ஒரு சதவீதமே. மோசக்காரர் ஒருவர், அறியாமையாலோ அசட்டையினாலோ தவறியவர் இருபதுக்கும் மேற்பட்டோர். ஆகவே மோசக்காரரைத் தண்டிப்பதால் மாத்திரம் இந்நோய் தீராது. படத்தை அலங்காரமாகக் கருதும் பயிற்சியே நோயின் மூலம்.

இறுதிப் புகலிடமாகச் செயற்கை நுண்ணறிவை நாடுவோர் இன்று பெருகியுள்ளனர். மனிதக் கண்ணுக்கு விருப்பு வெறுப்புண்டு, இயந்திரத்துக்கு அவை இல்லை என்பது அவர்தம் துணிபு. 2015 இல் ஜேர்மனியின் பிறைபேர்க் நகர ஆய்வாளர் வெளியிட்ட 'யூ-நெற்' முதலிய நரம்பு வலையமைப்புகள் கலங்களின் எல்லைகளை வியக்கத்தக்க வகையிற் பிரித்துக்காட்டுகின்றன என்பதில் ஐயமில்லை. மனிதர் பல மாதங்களிற் செய்யும் பணியை அவை மணித்தியாலங்களில் முடிக்கின்றன. அப்பயனை மறுப்பது பேதைமையாகும். ஆயின் அவ்வலையமைப்புகள் எங்கிருந்து கற்றன? மனிதர் எல்லை கீறிய படங்களிலிருந்தே கற்றன. கீறியவரின் பழக்கமும் பிழையும் இயந்திரத்தின் அறிவாகிவிடுகின்றன. மங்கலான படத்தைத் தெளிவாக்கும் வலையமைப்புகள் இதனினும் ஒருபடி மேலே செல்கின்றன. அவை படத்தில் இல்லாத தகவலைத் தாம் முன்னர் கற்ற படங்களின் சாயலைக்கொண்டு நிரப்புகின்றன. முன்னர் கண்டதையொத்த பொருளில் அந்நிரப்பல் பெரும்பாலும் பொருந்தும். முன்னர் எவரும் காணாத பொருளில் அது பொய்யாகலாம். ஆனால் ஆய்வு என்பதே முன்னர் எவரும் காணாததைத் தேடுவதன்றோ? 48 நிறமூர்த்தங்களைக் கொண்ட படங்களாற் பயிற்றப்பட்ட இயந்திரமொன்று 1956 இல் இருந்திருப்பின், ஜியோவின் படங்களில் அது எத்தனையைக் கண்டிருக்கும்? பழைய எதிர்பார்ப்பு இயந்திரத்தினுள்ளே குடிபுகுந்து, நடுநிலைமை என்ற புதிய பெயரைச் சூடிக்கொள்கின்றது. தவிரவும், ஒருபோதும் இருந்திராத கலமொன்றின் படத்தைக் கணப்பொழுதிற் படைத்தளிக்கும் மென்பொருள்களும் வந்துவிட்ட இக்காலத்தில், தோற்றத்தைக்கொண்டு படத்தை நம்புவதற்கு எவ்வித நியாயமும் இல்லை.

அவ்வாறாயின் படங்களையே கைவிடுவதா? அதுவன்று இக்கட்டுரையின் வாதம். லூண்டின் இருவரும் படங்களைக்கொண்டே பிழையைத் திருத்தினர். மீசோசோமை மறுத்ததும் மேலும் சிறந்த படங்களே. அளவீட்டுக்குரிய ஒழுக்கத்தைப் படமும் ஏற்கவேண்டும் என்பதே கோரிக்கை. நுணுக்குக்காட்டி தந்த மூலப் படம் மாற்றமின்றிப் பேணப்பட்டுப் பிறர் சோதிக்கக் கிடைத்தல் வேண்டும். அதன்மீது செய்யப்பட்ட ஒவ்வொரு செய்கையும், பயன்படுத்திய ஒவ்வொரு பெறுமானமும் எழுதப்படல் வேண்டும். எந்தப் புலங்களைப் படமெடுப்பது என்பது பார்ப்பதற்கு முன்னரே விதியாக வகுக்கப்படல் வேண்டும். மருந்து பெற்றது எது, பெறாதது எது என்பதை அளப்பவர் அறியாதிருத்தல் வேண்டும். ஒரு படத்தோடு நில்லாது எல்லாப் படங்களினதும் பரம்பல் காட்டப்படல் வேண்டும். சாயமின்றி எடுத்த கட்டுப்பாட்டுப் படமும் உடனிருத்தல் வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவாகும் என்பது வெறும் சாக்கு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் உருவாகி 1997 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் 'இமேஜ் ஜே' என்னும் மென்பொருள் சாதாரணக் கணினியில் இயங்குவது. செய்கைகளை வரிசையாகப் பதிவுசெய்யும் வசதியும் அதிலுண்டு. விலையுயர்ந்த நுணுக்குக்காட்டி இல்லாத ஆய்வுகூடமும் நேர்மையான ஆய்வுகூடமாக இருக்கலாம். விலையுயர்ந்த நுணுக்குக்காட்டி நேர்மையின்மையை மேலும் அழகாகக் காட்டும், அவ்வளவே.

குறையின் வேர் எங்குள்ளது என்பதைக் காண வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. உயிரியல் மாணவர் எவரும் அறிந்த செய்முறை வகுப்பை நோக்கினாற் போதும். நுணுக்குக்காட்டியின் கீழ்த் தண்டின் குறுக்குவெட்டுமுகம் வைக்கப்பட்டிருக்கும். அது கிழிந்தும் மடிந்தும் சாயம் திரண்டும் இருக்கும். மாணவன் அதனை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, பாடநூலிலுள்ள ஒழுங்கான படத்தைக் கூரிய பென்சிலால் வரைகின்றான். கலன்கட்டுகள் சமச்சீராக வட்டத்தில் அமைகின்றன, பெயர்கள் நேர்கோடுகளாற் குறிக்கப்படுகின்றன, புள்ளிகள் கிடைக்கின்றன. கண்டதைக் கண்டவாறே, கிழிசலோடும் மடிப்போடும் வரைந்த மற்றொருவனுக்கு "அழகில்லை" என்ற குறிப்புக் கிடைக்கின்றது. அன்றைக்கே அவ்விருவரும் ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கின்றனர்: படம் என்பது கண்டதைக் கூறுவதற்கன்று, எதிர்பார்க்கப்படுவதை மெய்ப்பிப்பதற்கு. பின்னாளில் அவர்கள் கையிற் பென்சிலுக்குப் பதிலாகக் கணினி வரும்போது இப்பாடமே தொழிற்படுகின்றது.

ஆகவே சீர்திருத்தம் அச்செய்முறை வகுப்பிலேயே தொடங்குதல் வேண்டும். புள்ளிவிபரவியலை ஒரு பாடமாகக் கற்பிக்கும் விஞ்ஞான பீடங்கள், படத்தை அளவீடாகக் கையாளும் முறையையும் பட்டப்படிப்பின் முதலாண்டிலேயே கற்பித்தல் வேண்டும். ஆய்வேட்டைப் பரிசீலிக்கும் விரிவுரையாளர் அச்சிட்ட படத்தோடு அமையாது மூலக் கோப்பையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். கிழிந்த வெட்டுமுகத்தைக் கிழிந்ததாகவே வரைந்து, "இங்கு கலன்கட்டுத் தெளிவாகத் தெரியவில்லை" என்று அருகில் எழுதிவைக்கும் மாணவனுக்கு முழுப் புள்ளி வழங்குவதற்கு ஆசிரியர் துணிதல் வேண்டும். 46 ஐ எண்ணியபின்னும் 48 ஐத் தேடி ஆய்வைக் கைவிட்டவர்கள் ஆற்றல் குறைந்தவர்கள் அல்லர். காணாததைக் காணவில்லை என்று எழுதும் துணிவை அவர்களுக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை.